விளக்கு, நாய், கண்ணி, பரண்: மான் வேட்டை பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்ற மாதம் இந்தப் பகுதியில், எங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் விடியற்காலை ஒரு கீஜாங் (நாய் போலக் குரைக்கும் சிறு மான்) குரைத்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே மேசை நிறையக் கிடக்கின்றன. மற்றக் கேள்விகளை அடுத்த மாதம் பார்க்கலாம். இந்த மாதம் முழுக்க மான்தான்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்தில் தோட்டத்தில் மான் வேட்டை சர்வசாதாரணம் என்கிறார்கள். விளக்கு வேட்டைதான் சுலபம் என்று ஒருவர் சொல்கிறார். நாய் விட்டு விரட்டுவதுதான் ஆம்பிளை வேட்டை என்கிறார் இன்னொருவர். பெரியப்பா பரண்தான் என்று அடித்துச் சொல்கிறார். ஐயா, நீங்கள் துப்பாக்கி வைத்திருந்தவர். எது நல்ல முறை? தெமியார் பூர்வகுடி மக்களின் சும்பிட் என்னும் ஊதுகுழல் எப்படி? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. தீபகற்ப மலேசியாவில் ரூசா என்னும் கடமானையும் கீஜாங்கையும் வேட்டையாட 2009-லிருந்து தடை இருக்கிறது. அதனால் நான் சொல்லப்போவது பழைய காலத்துக் கதை. இதைப் படித்துவிட்டு யாரும் காட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.

நான் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் கண்டக்டராக இருந்தபோது பன்றிக்காக ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருந்தேன். மானுக்கு உரிமம் கொடுத்த காலத்தில் இரண்டு ரூசா அடித்திருக்கிறேன். எனக்கு முன்னால் அப்பா. கம்யூனிஸ்டு கெரில்லாக்களோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் காட்டோரம் போகவே யாருக்கும் தைரியம் கிடையாது. 1948 ஜூன் மாதம் துரைமார்களைச் சுட்டுக் கொன்றது எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில்தானே. கையில் அனுமதியில்லாத துப்பாக்கி இருந்தால் தூக்குத் தண்டனை என்றிருந்த காலம் அது. 1960-ல் அவசரகாலம் முடிந்த பிறகுதான் தோட்டத்தில் மறுபடி வேட்டைப் பேச்சே வந்தது என்பார் அப்பா.

அப்பா செய்தது விளக்கு வேட்டை. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் அதே கார்பைட் விளக்குதான், பித்தளையில் செய்தது. கீழ் அறையில் கார்பைட் கட்டி, மேல் அறையில் தண்ணீர். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, வாயு கிளம்பி முன்னால் இருக்கும் மூக்கில் வந்து எரியும். பூண்டு அழுகின மாதிரி ஒரு வாடை வரும். நெற்றியில் அதைக் கட்டிக்கொண்டு லல்லாங் புல் ஓரமாக நடந்தால், வெளிச்சம் படும் இடத்தில் மிருகத்தின் கண் எரியும். அது பிரமித்து நிற்கும். இரண்டு கண்ணுக்கும் நடுவில் சுட வேண்டியதுதான். சுலபம் என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை.

1964 ஜனவரியில் எனக்குப் பதின்மூன்று வயது. பொங்கல் முடிந்த வாரம், சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் போனேன். பழைய பால் மரத் தோப்பு முடிந்து பெலுக்கார் என்னும் புதர்க்காடு தொடங்கும் இடத்தில் இரண்டு கண்கள் தெரிந்தன. அப்பா உட்கார்ந்துவிட்டார், நானும் உட்கார்ந்தேன். கண்கள் தாழ்ந்தன, எழும்பின, மறுபடி தாழ்ந்தன. மேய்கிறது, ரூசாதான் என்று காதோரம் சொன்னார். சுட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால் கழுத்தில் தேங்காய்நார்க் கயிறு. கொம்பில் மாட்டுப் பொங்கலுக்குப் பூசிய சிவப்புப் பெயிண்ட் விளக்கு வெளிச்சத்தில் அப்போதுதான் பூசியது போல் பளபளத்தது. நெற்றியில் மஞ்சள் இன்னும் போகவில்லை. கடைசி லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருந்த ஓர் அம்மாவின் பசு அது. புருஷன் செத்துப்போன பிறகு, அந்தப் பாலை விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

அப்பா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பொழுது விடிந்ததும் அந்த அம்மாவின் வாசலில் போய் நின்றார். பதினாலு மாதம் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துக் கடனை அடைத்தார். அந்த விளக்கு அதற்குப் பிறகு பால்வெட்டுக்கு மட்டும்தான் எரிந்தது.

ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், விளக்கு வேட்டையின் குறை முழுவதும் அந்த ஒரு ராத்திரியில் இருக்கிறது. மாடு, ஆடு, மான், நாய், மரநாய், புலி எல்லாவற்றுக்கும் கண்ணின் பின்புறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு படலம் உண்டு. விழுந்த வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புகிறது. பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்பது நீங்கள் நிற்கும் கோணத்தைப் பொறுத்து மாறும். நிறத்தை வைத்தே இன்ன மிருகம் என்று சொல்லிவிடுவேன் என்று பெருமையடிப்பவரை நம்பாதீர்கள். உடம்பு தெரியாமல் கண்ணை மட்டும் பார்த்துச் சுடுகிறவனுக்கு, தான் எதைக் கொல்கிறோம் என்பதே தெரியாது. ஆணா பெண்ணா, வயிற்றில் குட்டி இருக்கிறதா, பக்கத்தில் குட்டி நிற்கிறதா, எதுவும் தெரியாது.

நாய் வேட்டையை நான் ஒரே ஒருமுறை பார்த்தேன். பிளஸ் ஆற்றுப் பக்கம். பன்றிக்கு விட்ட நாய்கள் ரூசாவின் தடத்தைப் பிடித்துவிட்டன. ரூசாவைத் துரத்தினால் அது தண்ணீரைத் தேடிப் போகும். இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டது. பிடரி மயிர் சிலிர்த்து, வால் நட்டுக்கொண்டு, முன்காலால் தண்ணீரை அடிக்கிறது. நாய்கள் நீந்தித்தானே வர வேண்டும்? ஒவ்வொன்றாகக் காலால் அழுத்தியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்றது. கடைசியில் ஒருவர் கரையிலிருந்து சுட்டார். கறியைக் கூறு போட்டு லயம் லயமாகக் கொடுத்தார்கள். வெந்த பிறகும் மரக்கட்டை மாதிரி இருந்தது, நிறமும் கருப்பு. உயிருக்குப் பயந்து ரொம்ப நேரம் ஓடிய மிருகத்தின் தசையில் இருக்கும் சர்க்கரைச் சத்து சாவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. அப்படிப்பட்ட கறி கறுத்து இறுகும், சீக்கிரம் கெட்டும் போகும். இதைப் பல வருஷம் கழித்து ஒரு கால்நடை டாக்டர் எனக்கு விளக்கினார். வீரம் என்று உங்களிடம் சொன்னவர், அந்த ரூசாவின் வீரத்தைச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொள்வேன்.

காற்றுக்கு எதிராக நடந்து நெருங்குவதுதான் கஷ்டமான முறை. மானுக்குக் கண்ணைவிட மூக்கு பெரிது. முகப்பவுடரைக் கொஞ்சம் கையில் தட்டி ஊதினால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். நம் வாசம் அதனிடம் போய்விட்டால் அன்றைய வேலை முடிந்தது. ‘பொக்’ என்று ஒரே சத்தம் போட்டுக் காலை உதைத்துவிட்டு மறைந்துவிடும். பத்துத் தடவை போனால் ஒன்பது தடவை வெறுங்கையோடுதான் திரும்புவோம். நம்மிடம் இருந்ததெல்லாம் எஸ்.ஜி. தோட்டா, உள்ளே சில பெரிய ஈயக் குண்டுகள் இருக்கும். முப்பது மீட்டருக்குள் என்றால் மிருகம் விழும். அதைத் தாண்டிவிட்டால் குண்டு சிதறி ஒன்றிரண்டு மட்டும் வயிற்றில் படும், மான் ஓடிப்போய் எங்கேயோ நாலு நாள் கிடந்து சாகும். அடிபட்டதைத் தேடிப் போகாதவனுக்கு அடிக்கும் உரிமை கிடையாது என்று எனக்குத் துப்பாக்கி பழக்கிய மண்டோர், அதாவது கங்காணி, சொல்வார். என்னுடைய இரண்டாவது ரூசாவை மறுநாள் மத்தியானம் வரை ரத்தத் துளியைப் பார்த்துப் பார்த்துத் தேடினேன். இலையின் மேல்பக்கம் ரத்தம் இருந்தால் அது நடந்துகொண்டிருக்கிறது. இலையின் அடிப்பக்கம், முழங்கால் உயரத்தில் அப்பியிருந்தால் உரசிக்கொண்டு சாய்ந்து போகிறது. கண்டுபிடித்தேன். ஆனால் அந்தப் பதினெட்டு மணி நேரம் அது பட்ட வேதனைக்கு நான்தான் காரணம். அதற்குப் பிறகு மானுக்கு நான் துப்பாக்கி தூக்கவில்லை.

சரி, உங்கள் பெரியப்பா சொன்ன பரணுக்கு வருகிறேன். காட்டுப் பழம் உதிரும் மரத்துக்குப் பக்கத்திலோ, மிருகங்கள் உப்பு நக்க வரும் ஊற்றுக்குப் பக்கத்திலோ, இன்னொரு மரத்தில் நாலு கொம்பு கட்டி உட்கார்ந்துவிடுவது. இருமக்கூடாது, சிகரெட் கூடாது, கொசு கடித்தாலும் கையை ஓங்கக்கூடாது. மான் அண்ணாந்து பார்ப்பது அபூர்வம், நம் வாசமும் அதன் தலைக்கு மேலே போய்விடும். வந்தது தெரியாமல் வந்து நிற்கும். நமக்கு நேரம் இருக்கிறது. கொம்பைப் பார்க்கலாம், மடியைப் பார்க்கலாம், பின்னால் குட்டி வருகிறதா என்று காத்திருக்கலாம். ரூசாவுக்கு எட்டு மாதத்துச் சினை, ஈனுவது ஒரே ஒரு குட்டி. தாயை அடித்தால் இரண்டு உயிர் போகிறது. நான் பரணில் உட்கார்ந்த ராத்திரிகளில் விட்டுவிட்டு வந்ததுதான் அதிகம். உங்கள் பெரியப்பா சொன்னதுதான் சரி தம்பி. நாலு முறையில் அதில்தான் சுடுவதற்கு முன் வேண்டாம் என்று நினைக்க இடம் இருக்கிறது.

தெமியார் மக்கள் சும்பிட்டில் ஈப்போ மரத்து விஷப் பாலைத் தடவிய ஊசியை வைத்து ஊதுவார்களே, அதையும் சேர்த்துக் கேட்டிருந்தீர்கள். அவர்கள் அதைக் குறிவைப்பது பெரும்பாலும் மரத்தின் மேல் இருக்கும் குரங்குக்கும் அணிலுக்கும்தான். நம் ஈப்போ நகரத்துக்குப் பேர் வந்ததே அந்த மரத்தால்தான்.

கேள்வி: கண்ணியைப் பற்றி எல்லோரும் கெட்டதாகவே பேசுகிறார்கள். சத்தமில்லை, தோட்டாச் செலவில்லை, யார்மேலும் குண்டு படாது. செம்பனைக் கன்றைத் தின்னும் பன்றிக்குத்தான் நாங்கள் வைக்கிறோம். மான் விழுந்தால் அது எங்கள் குற்றமா? (வாசகர், லாசா)

பதில்: ஆம், உங்கள் குற்றம்தான். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன் எங்கள் தோட்டத்து எல்லையில், மழைத்தண்ணீர் வடியும் கானோரமாக நடந்துகொண்டிருந்தேன். வாடை வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு கீஜாங். மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி முறுக்குக் கம்பி, வளைத்துக் கட்டிய ஒரு மரக்கன்று. கம்பி முன்னங்காலில் மணிக்கட்டுக்கு மேலே தோலையும் சதையையும் அறுத்து எலும்பில் உட்கார்ந்திருந்தது. அந்த மரக்கன்றைச் சுற்றி, கம்பியின் நீளத்துக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் ஒரு புல்லோ, காய்ந்த இலையோ இல்லை. வெறும் மண், உழுத மாதிரி. எட்டிய மட்டும் இருந்த வேரையெல்லாம் கடித்துப் பட்டையை உரித்திருந்தது. செத்து மூன்று நாளாவது இருக்கும். வைத்தவன் வந்து பார்க்கவே இல்லை. அவனுக்கு அது உதவவில்லை, புலிக்கும் உதவவில்லை, புழுவுக்குத்தான் உதவியது.

விளக்கு வைத்துச் சுடுகிறவனாவது இரண்டு கண்ணைப் பார்க்கிறான். கண்ணி வைக்கிறவன் எதையும் பார்ப்பதில்லை. வீட்டில் படுத்துத் தூங்குகிறான். கம்பிக்குப் பன்றி என்றும் தெரியாது, மான் என்றும் தெரியாது, யானைக் குட்டி என்றும் தெரியாது. நம் நாட்டில் காட்டுப்புலி 150-க்கும் குறைவு என்று 2016 முதல் 2020 வரை எடுத்த கணக்கெடுப்பு சொல்கிறது. கண்ணியில் கால் போன புலிகளின் படம் செய்தித்தாளில் வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கால் போன புலி ரூசாவைத் துரத்த முடியாது. அப்புறம் அது தோட்டத்து மாட்டைத் தேடித்தான் வரும், பால்வெட்டுகிறவரைத் தேடித்தான் வரும். 2021 முதல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப் பன்றியையும் பிடித்துக்கொண்டது. புலிக்குச் சாப்பாடு ஏற்கெனவே குறைவு. இருக்கும் மானையும் நீங்கள் கம்பியில் கட்டிப் போடாதீர்கள்.

2010-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம். அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. பன்றி கன்றைத் தின்றால் கன்றைச் சுற்றித் தகரமோ கம்பி வலையோ அடியுங்கள், இல்லையென்றால் வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானில் புகார் கொடுங்கள். இருக்கும் கண்ணிகளை இன்றைக்கே போய் அவிழ்த்துவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளினால், அந்த ராத்திரியில் ஒன்று மாட்டும்.

கேள்வி: பள்ளியில் காஞ்சில் கதை படித்தோம். காஞ்சில் என்பது மான் குட்டியா? அதையும் பிடிப்பார்களா? (ஐந்தாம் வகுப்பு மாணவி, கோல கங்சார்)

பதில்: குட்டி இல்லை அம்மா, முழுதாக வளர்ந்தாலே அவ்வளவுதான். இரண்டு கிலோ இருக்கும், நம் வீட்டுச் சேவலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தமிழில் சருகுமான் என்கிறோம். ஆனால் உண்மையான மான் குடும்பத்தில் அது சேராது, தனிக் குடும்பம். கொம்பே முளைக்காது. ஆணுக்கு மேல்வாயிலிருந்து இரண்டு சிறிய கோரைப்பல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

அதற்குக் கோபமோ பயமோ வந்தால் பின்காலால் தரையைத் தடதடவென்று தட்டும். அந்தக் காலத்தில் கம்பத்து (மலாய்க் கிராமத்து) பெரியவர்கள் புதருக்குள் உட்கார்ந்து, காய்ந்த இலைமேல் இரண்டு குச்சியால் அதே மாதிரி தட்டுவார்கள். வேறொரு ஆண் தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்துக் காஞ்சில் தானாகவே ஓடி வரும். கதையில் முதலையையும் புலியையும் ஏமாற்றியது, அந்தக் குச்சிச் சத்தத்துக்கு ஏமாந்துவிடும். எனக்கு அது பாவமாகத்தான் இருக்கும். நீ தட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் தட்டு. வந்தால் அசையாமல் உட்கார்ந்து பார், பிடிக்காதே.

கேள்வி: மகன் மெல்பர்னில் வேலை செய்கிறான். சனி, ஞாயிறில் கூட வேலை செய்பவர்களோடு மான் வேட்டைக்குப் போகிறேன் என்கிறான். அதுவும் நம் ரூசாதானாம். பயமாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. தடுக்கட்டுமா? (ஒரு தாய், சித்தியவான்)

பதில்: அம்மா, அங்கே கதை வேறு. விக்டோரியா மாநிலத்துக்கு ரூசாவை 1860-களில் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள். அங்கே புலி கிடையாது. பெருகிவிட்டது. மரக்கன்றைத் தின்கிறது, மரத்தைக் கொம்பால் உரசிப் பட்டையை உரிக்கிறது, ஊற்றுகளில் புரண்டு சேறாக்குகிறது. அதனால் உரிமம் எடுத்துக்கொண்டு சுடலாம். நடந்து நெருங்கிச் சுடுவதற்கு வருஷம் முழுக்க அனுமதி. மோப்ப நாய் வைத்து விரட்டுவதற்குத் தனியாக ஒரு காலம் வைத்திருக்கிறார்கள். பொழுதுபோக்காக வேட்டையாடுபவர்கள் ராத்திரியில் விளக்கடித்து மான் சுடுவதற்கு அங்கேயும் தடைதான். அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது.

அதே மிருகம், ஒரு காட்டில் புலியின் சாப்பாடு, இன்னொரு காட்டில் தொல்லை. தடுக்க வேண்டாம். ஆனால் மகனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நடந்து போகிறானா, நாயோடு போகிறானா? எவ்வளவு தூரத்தில் சுடப் பழகியிருக்கிறான்? அடிபட்டது ஓடினால் கூட்டாளிகள் தேடுகிறார்களா, அடுத்ததைப் பார்க்கலாம் என்கிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினால் அந்தக் கூட்டத்தோடு போக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆரஞ்சு நிறச் சட்டை போடாமல் காட்டுக்குள் இறங்கக் கூடாது என்றும் சொல்லுங்கள். இருட்டும் நேரத்தில் புதர் அசைந்தால் சுடுகிறவன் எல்லா நாட்டிலும் இருக்கிறான்.

கேள்வி: வள்ளி மானின் வயிற்றில் பிறந்தவள். முருகன் வேட்டைக்காரனாக அவளைத் தேடி வந்தான். நம் சாமியே வேட்டைக்காரன் என்றால் மான் வேட்டை எப்படித் தப்பு? (வாசகர், பாகான் செராய்)

பதில்: மானைத் தேடி வந்ததாகச் சொல்லித்தான் தினைப்புனத்துக்குள் வந்தான். அங்கே எந்த மானையும் அவன் கொன்றதாக நான் கேட்டதில்லை ஐயா.

கேள்வி: சாலையோரக் கடையில் மான் கறி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, பீடோர்)

பதில்: நம் நாட்டில் மான் பண்ணைகள் உண்டு. பண்ணைக் கறி வாங்குவதில் தப்பில்லை. எந்தப் பண்ணை என்று கேளுங்கள், ரசீது கேளுங்கள். “நேத்து ராத்திரி மேல்காட்டில் கிடைத்தது, வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தான் தர்றோம்” என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். காட்டு மான் கறியைக் கையில் வைத்திருப்பதும் குற்றம். அந்தக் கறி எந்தக் கம்பியில் எத்தனை நாள் கிடந்தது என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

கேள்வி: என் பேரனுக்கு ஒன்பது வயது. மிருகக்காட்சிசாலையில் இல்லாமல், காட்டில் ஒரு மானைக் காட்ட வேண்டும் என்று ஆசை. எங்கே அழைத்துப் போவது? (ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்)

பதில்: பாட்டி, இந்தக் கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன். பகாங்கில் தாமான் நெகாராவுக்குப் போங்கள். உப்பு ஊற்றுகளுக்குப் பக்கத்தில் பும்புன் என்று மறைவிடம் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் சொன்ன பரணேதான், துப்பாக்கி மட்டும் இல்லை. பும்புன் தாஹான் என்பது தங்குமிடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, உங்கள் காலுக்கு அதுவே போதும். சாயங்காலம் போய் உட்காருங்கள். பேரனிடம் பிளாஸ்டிக் பையில் முறுக்கு கொடுத்து அனுப்பாதீர்கள், பையின் சரசரப்பு மானுக்கு வெகுதூரம் கேட்கும். வாழை இலையில் சுற்றிக் கொடுங்கள். வாசனைச் சோப்பு, தலைக்கு எண்ணெய் அன்றைக்கு வேண்டாம். கைவிளக்கை அணைத்தே வையுங்கள்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வரும். முதலில் காது தெரியும், அப்புறம் மூக்கு. பேரன் உங்கள் கையைப் பிடித்து இழுப்பான். அப்போது பேச வேண்டாம், அவன் கையைத் திருப்பி அழுத்தினால் போதும். போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். ஆணா, பெண்ணா, குட்டி கூட வந்ததா என்று அவனையே எழுதச் சொல்லுங்கள்.